ஏறும்போது இன்ஜினைப் பாருங்க... இறங்கும்போது பிரேக்கைப் பாருங்க! பழைய வேனில் கோடை மலைக்குக் கிளம்பும் முன்...

மே மாதம் பிறந்தால் போதும், காலை 9 மணிக்கே சங்கரன்கோவில் ரத வீதிகளில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. பூ மார்க்கெட்டில் கூடையை இறக்கியவர்கள் நிழல் தேடி ஒதுங்குகிறார்கள். விசைத்தறிக் கூடங்களில் ஃபேன் சுற்றினாலும் அனல்தான் முகத்தில் அடிக்கிறது. பள்ளிக்கூடமும் லீவு. வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி ஒன்றுதான்... 'இந்த வருஷம் கொடைக்கானலா, மூணாறா, ஊட்டியா?'

பதில் முடிவானதும் அடுத்த கேள்வி வரும். 'யார் வேன்?'

சொந்தக்காரரின் வேனோ, தெரிந்தவரின் வேனோ, எப்படியும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டியாகத்தான் இருக்கும். இரவு 10 மணிக்கு வாசலில் வந்து நிற்கும். மேல் கேரியரில் அண்டா, அடுப்பு, அரிசி மூட்டை, பாய், தலையணை ஏறும். பின் சீட்டுக்கு அடியில் சிலிண்டர் போகும். புளிசாதத் தூக்கு பாட்டியின் மடியில். கடைசியாக நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். எலுமிச்சைக்குச் சங்கரன்கோவிலில் என்ன பஞ்சம்? 2025-ல் புவிசார் குறியீடு வாங்கிய புளியங்குடி எலுமிச்சை பக்கத்து ஊர்ச் சரக்குதானே!

வெளிநாட்டில் இதற்குப் பெயர் 'மோட்டார்ஹோம்'. சமைக்க, படுக்க, குளிக்க வசதியுள்ள, சக்கரம் வைத்த வீடு. தமிழ்நாட்டில் 'கேரவன்' என்றால் சினிமா நடிகர்கள் மேக்கப் போடுகிற வண்டி என்றுதான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால் சமையல் சாமானும் படுக்கையும் ஏற்றிக்கொண்டு மூன்று நாள் மலையில் சுற்றும் இந்த டூர் வேனும் ஒருவகையில் மோட்டார்ஹோம்தான். சொந்தமாக வேன் வைத்திருக்கும் சிலர் இப்போது சீட்டைக் கழற்றிக் கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர் டேங்க் என்று உள்ளே மாற்றத் தொடங்கியிருக்கிறார்கள். யூடியூபில் பார்த்தால் எல்லாம் சுலபமாகத்தான் தெரிகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தியச் சாலைகளில் 1987 முதல் ஓடும் 'டெம்போ டிராவலர்' வேன், மெர்சிடிஸ் நிறுவனத்தின் 'டி1' என்ற ஜெர்மன் வேனின் உரிமம் பெற்று இங்கே தயாரிக்கப்பட்டது. அதே டி1 ஜெர்மனியில் என்ன ஆனது தெரியுமா? கட்டிலும் அடுப்பும் வைத்து ஏராளமான மோட்டார்ஹோம்களாக மாறியது. பழைய டி1 வீடுகளை அங்கே இன்றைக்கும் ஆசையாகப் பராமரிப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே கல்யாணத்துக்கு ஆள் ஏற்றும் வண்டி, அங்கே ஆல்ப்ஸ் மலையில் குடும்பத்தைத் தூங்க வைக்கும் வீடு. ஆக, பழைய வேனில் மலைக்குப் போவது ஒன்றும் கிறுக்குத்தனம் இல்லை. எப்படிப் போகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

மரப்பாலம் மறக்கவில்லை

தென்காசி மாவட்டத்துக்காரர்களிடம் மலைப் பயணம் பற்றிப் பேசினால் 2023 செப்டம்பர் 30-ம் தேதியைத் தாண்டிப் போக முடியாது. கடையம் பகுதியிலிருந்து 50-க்கும் மேற்பட்டோர் ஒரு சுற்றுலாப் பேருந்தில் கிளம்பி, ஊட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே மரப்பாலம் அருகே வளைவில் தடுப்பை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் பாய்ந்தது பேருந்து. 9 பேர் உயிரிழந்தார்கள். ஊருக்குத் திரும்பும் வழியில், மாலை நேரத்தில் நடந்தது அது.

கவனிக்க வேண்டியது, அந்தப் பேருந்து மலை ஏறவில்லை. இறங்கிக்கொண்டிருந்தது.

மலைக்குப் போகிறோம் என்றாலே 'வண்டி ஏறுமா?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஏறாத வண்டி அப்படியே நின்றுவிடும். புகை வரும், ரேடியேட்டர் கொதிக்கும், குழந்தைகள் அழும், பொழுது வீணாகும். அவ்வளவுதான். இறங்கும்போது நிற்காத வண்டிதான் ஆளைக் கொல்லும். பழைய வண்டிக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'வண்டி இறங்குமா?'

ஒரு டிரம் தண்ணீர் கணக்கு

ஆளும் சாமானும் சேர்த்து ஒரு வேனின் எடை மூன்றரை டன் என்று வைத்துக்கொள்வோம். கொடைக்கானல் மலையிலிருந்து வத்தலக்குண்டு பக்கம் இறங்கினால் உயரம் சுமார் 1,800 மீட்டர் குறைகிறது. அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 6 கோடி ஜூலுக்கு மேல். எளிதாகச் சொன்னால், ஒரு 200 லிட்டர் டிரம் நிறைய இருக்கும் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம். அந்த வெப்பம் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். கியரைக் குறைத்து இன்ஜின் இழுவையில் இறங்கினால் பெரும்பகுதி இன்ஜின் வழியாக வெளியேறும். டாப் கியரிலோ நியூட்ரலிலோ உருட்டிக்கொண்டு பிரேக்கை மட்டும் மிதித்தால், அத்தனை சூடும் சக்கரத்துக்குள் இருக்கும் டிரம், டிஸ்க், பேடுகளின் தலையில் விழும்.

அப்புறம் என்ன ஆகும்? முதலில் ஒரு கருகல் வாடை. டூர் போன எல்லோரும் முகர்ந்திருப்பார்கள். அடுத்து, பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி பிடிக்காது. சூடேறிய லைனிங் வழுக்குகிறது. அதற்கும் அடுத்த கட்டம் இன்னும் மோசம், பெடல் பஞ்சு மாதிரி கீழே போய்விடும். பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். எண்ணெயை அழுத்தினால் அந்த அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும்.

பழைய வண்டிகளில் இந்த ஆபத்து ஏன் அதிகம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. 'டாட் 3' ரகப் புது ஆயில் குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு அந்த அளவு 140 டிகிரிதான். 'டாட் 4' ரகத்தில் இது 230-ம் 155-ம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய இந்த ஆயிலை, வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றாதவர்கள் நிறைய பேர். 'அளவு சரியாத்தானே இருக்கு' என்று மேலே கொஞ்சம் ஊற்றி மூடிவிடுவார்கள். மலைக்குப் போகுமுன் மெக்கானிக்கிடம் சொல்லிப் பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டுப் புதிது ஊற்றி, காற்று எடுக்கச் சொல்லுங்கள். மூன்று நாள் டூரின் மொத்தச் செலவில் இது ஒரு மதியச் சாப்பாட்டுக் காசுகூட வராது.

பழைய டிரைவர்களிடம் ஒரு சூத்திரம் உண்டு. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறிய வளைவை, இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு இறங்க வேண்டும். இன்ஜின் சத்தம் போடத்தான் செய்யும், அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இன்ஜின் அமைதியாக இருந்து, பிரேக் மட்டும் வேலை செய்கிறது என்றால்தான் பயப்பட வேண்டும். டீசல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுபவர்களும் இருக்கிறார்கள். அணைத்தபின் இரண்டு மூன்று மிதியிலேயே பிரேக்குக்கு உதவும் சர்வோ பலம் தீர்ந்துவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும். மிச்சம் பிடிக்கும் இடமா அது?

இன்னொன்று, தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கக் கூடாது. வேகம் ஏறினால் ஒருமுறை அழுத்தமாக மிதித்துக் குறைத்துவிட்டு, காலை எடுத்துவிட வேண்டும். பிரேக் சூடு ஆற அந்த இடைவெளிதான் நேரம். வாடை வந்தால் வெட்கப்படாமல் அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டி அரைமணி நேரம் நிறுத்தலாம். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பது கெட்ட பழக்கம், இரும்பு வெடிக்கும். நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கட்டையோ கல்லோ அண்டக் கொடுப்போம். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடவும் மறக்கக் கூடாது. நடுரோட்டில் கிடக்கும் கல்லில், பின்னால் வரும் பைக்காரர் விழுந்தால் யார் பொறுப்பு?

ஏறும்போது...

சமவெளியில் 38 டிகிரி வெயிலில் ஏசி போட்டு, முழு பாரத்தோடு ராஜபாளையம், டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி வழியாக ஓடிவந்த இன்ஜின், காமக்காபட்டி தாண்டியதும் ஏறத் தொடங்குகிறது. வேகம் குறைவு, அதனால் ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவு. வேலையோ இரட்டிப்பு. பழைய வண்டி கொதிக்கும் நேரம் இதுதான். வெப்பமானி முள் ஏறுவதைக் கண்டால் முதலில் ஏசியை நிறுத்துங்கள். அப்படியும் ஏறினால் ஓரம் கட்டி, இன்ஜினை கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிட்டு ஆற வையுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறப்பவர்கள் கையையும் முகத்தையும் சுட்டுக்கொள்கிறார்கள். உள்ளே அழுத்தத்தோடு கொதிக்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் பீய்ச்சியடிக்கும். குறைந்தது அரைமணி நேரம் பொறுத்து, கனத்த துணியைப் போட்டுத்தான் திறக்க வேண்டும். வெறும் தண்ணீரில் ஓட்டாமல் கூலன்ட் கலந்து வைப்பது, ரப்பர் ஹோஸ்களை அழுத்திப் பார்த்து வெடிப்பு இருந்தால் மாற்றுவது, ஃபேன் பெல்ட் ஒன்று உபரியாக வைத்துக்கொள்வது, இவையெல்லாம் ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலை.

டர்போ இல்லாத பழைய டீசல் இன்ஜினுக்கு உயரம் போகப்போக மூச்சும் வாங்கும். ஏறக்குறைய ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் பத்தில் ஒரு பங்கு சக்தி குறையும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல், ஊட்டி 2,240 மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு இழுவை மேலே போவதற்குள் காணாமல் போய்விடும். கறுப்புப் புகை வந்தால் ஆக்சிலேட்டரை மேலும் மிதிப்பதில் பலன் இல்லை, கியரைக் குறைப்பதுதான் வழி.

எலுமிச்சம்பழம் வைக்கச் சக்கரத்தடியில் குனியும்போது இன்னொரு காரியமும் செய்யலாம். டயரின் பக்கவாட்டில் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். '2318' என்றிருந்தால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரான டயர். வருடத்துக்கு நான்கு முறை மட்டுமே வெளியே எடுக்கும் வேனில் டயர் பட்டன் தேயாமல் புதிதுபோலத்தான் இருக்கும். ஆனால் வெயிலில் நின்று நின்று ரப்பர் இறுகிப் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் விட்டிருக்கும். மலையில் டயர் வெடிப்பது எப்படிப்பட்ட விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்டெப்னியின் எண்ணையும் பார்த்துவிடுங்கள். வண்டியோடு வந்த அதே ஸ்டெப்னியாக இருந்தாலும் ஆச்சர்யமில்லை.

சிலிண்டரை எங்கே வைப்பது?

வீட்டம்மாக்களுக்கும் சமையல் பொறுப்பேற்கும் மாமாக்களுக்கும் இந்தப் பகுதி. 2023 ஆகஸ்ட் 26-ம் தேதி அதிகாலை மதுரை ரயில் நிலைய யார்டில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த சிலிண்டரில் டீ, காபி போடப் பற்றவைத்ததுதான் காரணம் என்று ரயில்வே சொன்னது. ரயில் பெட்டியைவிட வேன் சின்னது. கதவும் ஒன்றுதான்.

எல்.பி.ஜி வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, வண்டித் தரையிலும் சீட்டுக்கு அடியிலும் தேங்கி நிற்கும். மேல் ஜன்னல் திறந்திருப்பதால் பயனில்லை. ஓடும் வண்டியில் சமையல் கூடவே கூடாது, நின்றாலும் வண்டிக்குள் கூடாது. அடுப்பை இறக்கி வெளியே வைத்துச் சமைப்பதுதான் சரி. அதுவும் அனுமதி உள்ள இடத்தில் மட்டும். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் போனவர்கள் 23 பேர் இறந்தது கோடைக்காலத்தில்தான். காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும்.

வேனையே வீடாக மாற்றியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். அடிதடியோ திருட்டோ எதுவும் இல்லை. ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, வண்டித் தரையிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறது என்பது பின்னர் தெரிந்தது. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். பழைய வண்டிகளின் தரையில் துருப்பிடித்த ஓட்டைகளும், வயர் போன துவாரங்களும் சகஜம். மலையில் இரவுக் குளிருக்குக் கதவு ஜன்னலை இறுக அடைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டோ, கரி அடுப்பைக் கணப்பாக வைத்தோ ஒருபோதும் தூங்கக் கூடாது. கொடைக்கானலில் மே மாத இரவும் 12, 13 டிகிரிக்கு இறங்கும். கம்பளியை அதிகம் எடுத்துப் போங்கள், கணப்பு வேண்டாம். கார்பன் மோனாக்சைடு வந்தால் அலறும் சின்னக் கருவி ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது. வேனில் படுப்பவர்கள் அதை வாங்காமல் படுக்கக் கூடாது.

சமையலில் ஒரு சின்னத் தகவல். உயரம் கூடக்கூடத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும். கொடைக்கானலில் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அண்டாவில் வைத்த சோறு 'என்ன இன்னும் நறுக்கரிசியா இருக்கு' என்று தோன்றுவது அதனால்தான். பெரிய குக்கர் எடுத்துப்போனால் கேஸும் மிச்சம், பசியோடு காத்திருப்பதும் மிச்சம்.

பேப்பர் சரியா இருக்கா?

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி புத்தகத்தில் இருக்கும் அமைப்பை ஆர்.டி.ஓ அனுமதி இல்லாமல் மாற்ற முடியாது. 12 சீட் வேனைக் கழற்றி இரண்டு கட்டில் போட்டால் அதுவும் மாற்றம்தான். கேரவன்களுக்கென்றே 'ஏ.ஐ.எஸ்-124' என்ற தர விதி இருக்கிறது, அதன்படி செய்து ஆர்.சி-யில் பதிந்துகொள்ள வேண்டும். வண்டி மாற்றங்களைப் பிடிப்பதில் கேரள மோட்டார் வாகனத் துறை கறார் பேர்வழி என்பது எல்லை தாண்டிப் போகிறவர்களுக்குத் தெரியும்.

அதைவிட முக்கியம், ஒயிட் போர்டு வண்டியை வாடகைக்கு எடுப்பது. 'தெரிஞ்சவர் வண்டிதானே, டீசல் போட்டு ஏதாவது கொடுத்தால் போதும்' என்று கிளம்புகிறோம். சொந்த உபயோகத்துக்கான வண்டி வாடகைக்கு ஓடியது என்று தெரிந்தால், விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி அந்தக் காரணத்தைத்தான் முதலில் தூக்கும். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் குடும்பம் அப்போது யாரிடம் போய் நிற்பது? மஞ்சள் போர்டு வண்டி என்றால் எஃப்.சி தேதியைப் பாருங்கள். எட்டு வருடம் தாண்டிய வாடகை வண்டிக்கு ஒவ்வொரு வருடமும் எஃப்.சி எடுத்தாக வேண்டும். வண்டிக்காரரிடம் பேப்பரைக் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். நல்ல டிரைவர் கேட்காமலே எடுத்துக் காட்டுவார்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில் வண்டிகளின் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு போடப்பட்டது. நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000-ம் 6,000-ம். கிளம்பும் நாளுக்கு என்ன விதி என்று பார்த்து, பாஸைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டுதான் சாமானை ஏற்ற வேண்டும். ராத்திரி முழுக்க ஓடிப்போய் அடிவாரத்தில் நின்று போனில் தேடக் கூடாது. சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் மேலே தடை. வீட்டிலிருந்து பித்தளைக் குடமோ, எவர்சில்வர் டிரம்மோ எடுத்துப்போனால் பிரச்னையே இல்லை. ஆனால் 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ எடை. அதை மேல் கேரியரில் ஏற்றாமல் தரையில் வையுங்கள். உச்சியில் கனம் ஏற ஏற வளைவில் வண்டி ஆடும்.

எந்த மலைக்கு முதலில்?

வேனைப் புதிதாக வாங்கியவர்கள், அல்லது வருடக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியை எடுப்பவர்கள் முதல் பயணத்துக்கே ஊட்டியை வைத்துக்கொள்ளத் தேவையில்லை. சங்கரன்கோவில்காரர்களுக்கு வாசலிலேயே ஒரு பயிற்சி மலை இருக்கிறது. தென்காசி, செங்கோட்டை தாண்டினால் ஆரியங்காவு கணவாய். கொல்லம் நெடுஞ்சாலையில் அப்படியே இறங்கினால் தென்மலை. அணை இருக்கிறது, ரயில் போகும் பதின்மூன்று கண் பாலம் இருக்கிறது, நிழலான காடு இருக்கிறது. உயரம் குறைவு. வளைவுகள் உண்டு, ஆனால் மணிக்கணக்கில் இறங்க வேண்டியதில்லை. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். பிரேக் எப்படிப் பிடிக்கிறது, முள் எங்கே நிற்கிறது, யாருக்கு வாந்தி வருகிறது என்று எல்லாமே தெரிந்துவிடும். எதிரே கேரளாவிலிருந்து வரும் லாரிகள் மட்டும் அதிகம். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்ற விதி இங்கே அடிக்கடி நினைவுக்கு வர வேண்டியிருக்கும்.

குற்றாலத்தைப் பொறுத்தவரை, மே மாதத்தில் அருவி பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும். ஆனால் கோடை மழை பெய்தால் நிமிடத்தில் நிலைமை மாறும். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். கீழே வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம். வேனை நிறுத்திப் படுப்பதற்கு ஓடைக் கரையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அடுத்தது கொடைக்கானல். ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அதன்பிறகு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு. ஊட்டியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், தூரம் அதிகம். குன்னூர் வழியாக ஏறிக் கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்லும் ஒருவழி ஏற்பாடு சீஸனில் இருக்கும். அதுவும் நல்லதுதான். வாகமண் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி. கேரள அரசு 2021-ல் கொண்டுவந்த கேரவன் சுற்றுலாக் கொள்கையின்படி, அந்த மாநிலத்தின் முதல் கேரவன் பார்க் 2022-ல் அங்கேதான் திறக்கப்பட்டது. மற்ற இடங்களில் காட்டோரம் வண்டியைப் போட்டுப் படுப்பதைவிட, லாட்ஜ் வளாகத்தில் கேட்டு, கழிப்பறைக்கும் சேர்த்துப் பணம் கொடுத்து நிறுத்துவது உத்தமம். யானை வரும் இடம் எது என்பது அவர்களுக்குத் தெரியும், புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது.

எந்த மலையானாலும் சங்கரன்கோவில் டூர்களில் மாற வேண்டிய பழக்கம் ஒன்று இருக்கிறது. இரவு 10 மணிக்குக் கிளம்பி, ஒரே டிரைவர் விடிய விடிய ஓட்டி, அதிகாலை 5 மணிக்கு, கண் சொக்கும் நேரத்தில், முதல் வளைவில் ஏறுவார். லாட்ஜ் வாடகை ஓர் இரவு மிச்சம் என்பதுதான் கணக்கு. வேனில் படுக்கை இருப்பதே எதற்கு? வத்தலக்குண்டிலோ தேனியிலோ மேட்டுப்பாளையத்திலோ விளக்கு எரியும் பெட்ரோல் பங்க்கில் கேட்டு ஓரம் கட்டி, டிரைவரை நாலைந்து மணி நேரம் தூங்க வைத்துவிட்டு, நன்றாக விடிந்தபின் ஏறலாம். முதலில் படுக்கை கொடுக்க வேண்டியது அவருக்குத்தான். திரும்பும் நாளிலும் 'இன்னும் ஒரே ஒரு பாயின்ட்' என்று இழுக்காமல், வெளிச்சம் இருக்கும்போதே மலையை விட்டு இறங்கிவிட வேண்டும்.

வண்டி ஓடும்போது கட்டிலில் யாரும் படுக்கக் கூடாது. திடீர் பிரேக்கில் படுத்திருப்பவர் உருண்டு வந்து முன்னால் மோதுவார். பக்கவாட்டில் உட்காரும்படி மாற்றிய சீட்டில் குழந்தைகளுக்கு வாந்தி அதிகம் வரும். முன்னால் பார்த்து உட்கார வைத்து, செல்போனைப் பிடுங்கிவிட்டு, தூரத்து மலையைப் பார்க்கச் சொன்னால் பாதி சரியாகும். ஏறுவதற்கு முன் வயிறு முட்டப் பரோட்டா வேண்டாம், இரண்டு இட்லி போதும். மூச்சிரைப்பு, இதயப் பிரச்னை உள்ள பெரியவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, மாத்திரைகளைப் பெட்டிக்குள் புதைக்காமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் மதியம், டம்டம் பாறை தாண்டி, கடைசி வளைவும் முடிந்து காமக்காபட்டியில் வண்டி நிற்கும். எல்லோரும் டீக்கடைக்கு ஓடுவார்கள். அனுபவம் உள்ள டிரைவர் மட்டும் ஓடமாட்டார். வேனைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய், தொடாமல், சூடு பார்ப்பார். நான்கும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் சரியாக இறங்கியிருக்கிறார். ஒன்று மட்டும் கொதித்தால், அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டிப் பிடிக்கிறது, உசிலம்பட்டிக்குள் ஒரு மெக்கானிக்கைப் பார்த்தாக வேண்டும். பார்த்து முடித்தபிறகுதான் அவருக்கு டீ. அதுவரை யாராவது ஒரு கிளாஸை மூடி வைத்திருங்கள்.